எண்பத்தெட்டு சென்ட் வாடகை: ஆக்ஸ்பர்க்கில் நான்கு நாள்

முதல் நாள்

மியூனிக்கில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது. மாப்பிள்ளை எங்களுக்கென்று போட்டு வைத்திருந்த பட்டியலில் கோட்டை, ஏரி, பனிமலை எல்லாம் இருந்தன. "எனக்கு ஒரு வட்டிக்கடைக்காரர் வீட்டைப் பார்க்கணும்" என்றேன். "அம்மா, நீ ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆச்சு" என்று மகள் சிரித்தாள்.

ஆனால் என்ன? 34 வருடம் அரசு வங்கி. பாதிக்கு மேல் கிராமக் கிளைகள். பயிர்க்கடன், நகைக்கடன், கறவை மாட்டுக் கடன். மாட்டின் காது வில்லையைச் சரிபார்க்கத் தொழுவத்துக்குப் போய்ச் சாணியில் வழுக்கி விழுந்த அதிகாரி நான். உலகத்திலேயே பெரிய கடனைக் கொடுத்தவர்களில் ஒருவரின் ஊர் முக்கால் மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும்போது, ஏரியில் படகு விடுவதா?

அவர் பெயர் யாக்கோப் ஃபுக்கர். 1459-ல் பிறந்து 1525-ல் இறந்தவர். ஊரார் வைத்த அடைமொழி 'பணக்காரர்', அவ்வளவுதான். ஊர் ஆக்ஸ்பர்க். உள்ளூர்க்காரர்கள் 'அவுக்ஸ்புர்க்' என்கிறார்கள். ரோமானியர்கள் உண்டாக்கிய ஊர், இரண்டாயிரம் வயதைத் தாண்டியது.

அறையில் பெட்டியை வைத்துவிட்டு மாக்ஸிமிலியன் தெருவில் நடந்தோம். அகலமான தெரு, காலை இடறும் கருங்கல் தளம். நடுவில் 1602-ல் வைத்த ஹெர்குலிஸ் நீரூற்று. என் கணவருக்கு முழங்கால் வலி, அதனால் ஒவ்வொரு நீரூற்றும் எங்களுக்கு ஓர் உட்காரும் இடம். தெருவின் பாதியில் ஃபுக்கர் மாளிகை. 1512 முதல் 1515 வரை கட்டியது. எனக்கு முதலில் ஏமாற்றம்தான். நீளமான, சாதாரண முகப்பு. ஒரு காலத்தில் முகப்பு முழுக்க ஓவியம் இருந்ததாம். எல்லாம் போய், 1944 குண்டுவீச்சில் கட்டிடமும் போய், திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

ஒரு வளைவு வழியாக உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. 'பெண்கள் முற்றம்' என்று பெயர். மெல்லிய தூண்கள், அவற்றின் மேல் அரைவட்ட வளைவுகள், மேலே திறந்த வானம். இத்தாலியை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்த மாதிரி. சுற்றியிருந்தவர்கள் எல்லாம் கூரிய கோதிக் பாணியில் கட்டிக்கொண்டிருந்தபோது இவர் மட்டும் வெனிஸில் பார்த்ததை 1515-ல் வீட்டுக்குள் கட்டிக்கொண்டார். தெருவுக்குக் காட்டவில்லை. நம் செட்டிநாட்டு வீடுகளுக்கு நேர் எதிர் என்று தோன்றியது. அங்கே வாசலிலேயே பர்மா தேக்கு நம்மை மிரட்டும்.

முற்றத்தில் காபி குடித்தபடி என் நோட்டுப் புத்தகத்தில் வம்சாவளியை எழுதினேன். தாத்தா ஹான்ஸ் ஒரு நெசவாளி. கிராபென் என்ற பக்கத்துக் கிராமத்திலிருந்து 1367-ல் ஊருக்குள் வந்தார். நகர வரிப் புத்தகத்தில் அதற்கான பதிவு லத்தீனில் இரண்டே சொல்: 'ஃபுக்கர் வந்தார்'. கணக்குப்பிள்ளைக்கு அதற்கு மேல் என்ன தேவை? பருத்தியையும் ஆளிச்செடி நாரிழையையும் கலந்து நெய்யும் துணிதான் அப்போது இந்த ஊரின் சோறு. ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப்பக்கம் வெனிஸிலிருந்து பருத்தி வரும். துணியை நெய்வதைவிட பருத்தியை வாங்கி விற்பதில் காசு அதிகம் என்பது இந்தக் குடும்பத்துக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது.

வழிகாட்டிப் புத்தகங்கள் வேகமாகத் தாண்டிப் போகும் ஓர் இடத்தில் நான் நின்றேன். ஹான்ஸ் இறந்த பிறகு தொழிலைப் பார்த்துக்கொண்டவர் அவர் மனைவி எலிசபெத். மகன் பெரிய யாக்கோப் 1469-ல் இறந்த பிறகு பார்த்துக்கொண்டவர் அவர் மனைவி பார்பரா, நாணயச்சாலைத் தலைவரின் மகள். இரண்டு விதவைகள் கைக்கு வந்த பிறகும் சொத்து கரையவில்லை, வளர்ந்தது. பதினோரு பிள்ளைகளில் பத்தாவதான நம் யாக்கோப்புக்கு அப்போது பத்து வயது. 'பணக்காரர்' பட்டம் அவருக்குப் போனது. அம்மாவுக்கு ஒரு தெருப்பெயராவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டே அறைக்குத் திரும்பினேன்.

இரண்டாம் நாள்

காலையிலேயே தூறல். குடையை அறையிலேயே மறந்துவிட்டு, டிராமிலும் எதிர்த்திசையில் ஏறி, இரண்டு நிறுத்தம் போன பிறகு அவர்தான் "சூரியன் வேற பக்கம் இருக்கு" என்றார். சூரியனே இல்லை, எப்படிக் கண்டுபிடித்தாரோ.

ஃபுக்கெரை. ஃபுக்கரின் பெயரால் அமைந்த ஏழைகள் குடியிருப்பு. சும்மா நினைவுச்சின்னம் இல்லை, இன்றும் ஆட்கள் வாழ்கிறார்கள். ஊருக்குள்ளேயே சுவர் எடுத்த இன்னோர் ஊர்: 67 வீடுகள், சுமார் 140 குடியிருப்புகள், ஒரு சின்ன தேவாலயம், சொந்த வாயில்கள். மஞ்சள் சுவர், பச்சை ஜன்னல் கதவு, சிவப்பு ஓடு. சுவரில் கொடி ஏறியிருக்கிறது. எல்லா வீடும் ஒரே அச்சு. கீழே ஒரு குடும்பம், மாடியில் ஒரு குடும்பம். ஆனால் இரண்டுக்கும் தெருவில் தனித்தனி வாசல். கீழ்வீட்டுக்காரருக்குப் பின்னால் சின்னத் தோட்டம், மேல்வீட்டுக்காரருக்குப் பரண். சண்டை வர வழியில்லாமல் யோசித்திருக்கிறார்கள். ஒண்டுக்குடித்தனம் இருந்து பார்த்தவர்களுக்குத் தனி வாசலின் அருமை தெரியும்.

வாடகை வருடத்துக்கு 88 சென்ட். நம் கணக்கில் நூறு ரூபாய் சுற்று. மாதத்துக்கு இல்லை, வருடத்துக்கு. தொடக்கத்தில் ஒரு ரைன் குல்டன், அந்நாள் தங்க நாணயம், என்று வைத்தார்கள். அந்தக் காலத்தில் அது சில்லறை இல்லை. நாணயம் மாறி மாறி வந்ததில் தொகை மட்டும் ஏறாமல் நின்றது, விலைவாசி ஏறிப் போய்விட்டது. கணப்பு, மின்சாரச் செலவெல்லாம் குடியிருப்பவர் பாடு. நாங்கள் இரண்டு பேர் உள்ளே போகக் கொடுத்த கட்டணத்தில் ஒரு குடும்பம் பல வருட வாடகையைக் கட்டிவிடலாம்.

காசு போக இன்னொரு வாடகையும் உண்டு. தினம் மூன்று செபம்: பரலோக மந்திரம், அருள்நிறைந்த மரியே, விசுவாசப் பிரமாணம். யாக்கோப்பின் ஆன்மாவுக்காகவும் அவர் குடும்பத்துக்காகவும். 1521 ஆகஸ்ட் 23 தேதியிட்ட அறக்கட்டளைப் பத்திரத்தில் இது எழுத்திலேயே இருக்கிறது.

வாயிலுக்கு மேலே கல்வெட்டு, லத்தீனில். ஆண்டு 1519. உல்ரிக், கியோர்க், யாக்கோப் என்ற மூன்று சகோதரர்கள், கடவுள் தந்த செல்வத்துக்கு நன்றியாக 106 குடியிருப்புகளை ஒழுக்கமாக உழைத்தும் வறுமையில் வாடும் ஊர்க்காரர்களுக்குக் கொடுத்தார்கள் என்று சொல்கிறது. அது எழுதப்பட்டபோது மூத்தவர்கள் இருவரும் உயிரோடு இல்லை. ஆனாலும் பெயர் முதலில் அவர்களுடையதுதான். 'ஒழுக்கமாக' என்ற சொல்லில் என் கண் நின்றது. பிச்சை எடுப்பவருக்கு இடமில்லை. ஆக்ஸ்பர்க் ஊர்க்காரராக இருக்க வேண்டும், கத்தோலிக்கராக இருக்க வேண்டும், தேவை நிரூபிக்கப்பட வேண்டும். இன்றும் அதே மூன்று நிபந்தனை. தகுதி விதி! எத்தனை அரசுத் திட்டங்களுக்கு இந்த மாதிரிப் படிவம் நிரப்பியிருப்பேன்.

ஒரு வீட்டைப் பழைய நிலையிலேயே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். தாழ்ந்த கூரை, மரப் பலகை சுவர், கரி படிந்த அடுப்படி. பக்கத்து எண் 14-ல் ஃபிரான்ஸ் மொஸார்ட் என்ற கொத்தனார் 1681 முதல் 1694 வரை குடியிருந்தார். இசைமேதை மொஸார்ட்டின் கொள்ளுத்தாத்தா. கதவில் பெயர்ப்பலகை இருக்கிறது.

எனக்குப் பிடித்தது வேறு. ஒவ்வொரு வாசலிலும் மணி அடிக்க ஓர் இரும்புப் பிடி தொங்குகிறது. ஒன்று மூன்று இலைக் கொத்து, ஒன்று பைன் காய், ஒன்று வெறும் வளையம். பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஒரே வடிவம் கிடையாது. தெருவிளக்கு இல்லாத காலத்தில், இருட்டில் கையால் தடவிப் பார்த்தே இது நம் வீடு என்று தெரிந்துகொள்ள. வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி என்பதால் வேறு வழியில்லை. ஒரு பிடியைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம், ஜில்லென்று, வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. "இழுத்துடாதே" என்றார் அவர். உள்ளே யாரோ சமைக்கிற வெங்காய வாசனை.

மழைக்கு ஒதுங்கிய இடத்தில் ஒரு பாட்டியம்மாள் உட்கார்ந்திருந்தார். உடைந்த ஆங்கிலத்தில் அவர், உடைந்த ஜெர்மனில் நான். இங்கே குடியிருப்பவர்தான். கணவர் போன பிறகு ஓய்வூதியம் வாடகைக்கே போதவில்லை, மனுப் போட்டுக் காத்திருந்து கிடைத்ததாம். "மூணு செபமும் தினம் சொல்வீங்களா?" என்று கேட்டேன். "சில நாள் டிராமிலே சொல்வேன்" என்றார். "யாராவது வந்து கேட்பாங்களா?" அவருக்கு வந்த சிரிப்பில் பல்செட் அசைந்தது. யாரும் கேட்பதில்லையாம். தணிக்கையே இல்லாத ஒரு கணக்கு ஐந்நூறு வருடமாக ஓடுகிறது. என் பழைய வட்டார மேலாளர் கேட்டால் மயங்கி விழுந்திருப்பார்.

1944 பிப்ரவரி 25, 26 இரவு விழுந்த குண்டுகளில் இந்தக் குடியிருப்பிலும் பெரும்பகுதி இடிந்தது. குடியிருந்தவர்கள் பதுங்கிய நிலவறை இப்போது காட்சிக்கூடம். குண்டு விழுந்த சில நாட்களிலேயே, போர் முடியும் முன்பே, திரும்பக் கட்டுவதென்று குடும்பத்தார் முடிவெடுத்துவிட்டார்கள். பணம் எங்கிருந்து? அறக்கட்டளையின் முதல், காலப்போக்கில் நிலமாகவும் காடாகவும் மாறியிருக்கிறது. இன்றும் செலவுக்கு முக்கிய வரவு மரம்தான், அப்புறம் எங்களைப் போல் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கொடுக்கும் காசு.

இரவு பத்து மணிக்கு வாயிலைப் பூட்டிவிடுவார்கள் என்று பாட்டியம்மாள் சொன்னார். தாமதமாக வந்தால் காவலருக்கு 50 சென்ட். நள்ளிரவு தாண்டினால் ஒரு யூரோ. அதைப் பார்க்க ஒரு ராத்திரி வர வேண்டும்.

மூன்றாம் நாள்

இன்று ஆளையே பார்த்தேன். ஷேட்ஸ்லர் மாளிகையின் தங்க முலாம் பூசிய நடன மண்டபத்தைத் தாண்டிப் பின்பக்கம் போனால் பழைய கன்னியர் மடத்துத் தேவாலயம். அதற்குள் ஓவியக்கூடம். ஜெர்மானிய ஓவியர் டியூரர் வரைந்த யாக்கோப் ஃபுக்கர் அங்கேதான் தொங்குகிறார். 1518-ல் இந்த ஊரில் புனித ரோமானியப் பேரரசின் மன்றம் கூடியபோது டியூரர் வந்து எடுத்த கோட்டுச் சித்திரத்தை வைத்துப் பிறகு தீட்டியது.

நீலப் பின்னணி. தோளில் அகலமான மென்மயிர்க் காலர். தலையில் தங்கச் சரிகைத் தொப்பி, வெனிஸ் பாணி. அதைத் தவிர ஒரு நகை கிடையாது. மெல்லிய உதடு, இறுக மூடியது. கண் நம்மைப் பார்க்கவில்லை, பக்கவாட்டில் எங்கோ பார்க்கிறது. கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. கடன் கேட்டு வந்தவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கும் முகம். அந்த முகத்தை நானும் பல வருடம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், வீட்டுக்கு வந்தால் கழற்ற அரைமணி ஆகும். "உன் சாயல் கொஞ்சம் இருக்கு" என்று அவர் சொன்னதை நான் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஃபுக்கர் எப்படிப் பணம் செய்தார் என்பதை ஒரு வங்கிக்காரியாக எழுதிவிடுகிறேன். 1473-ல், 14 வயதில், வெனிஸில் இருந்ததற்கு ஆவணம் உண்டு. ஜெர்மானிய வணிகர்களுக்கென்று பெரிய கால்வாய்க் கரையில் ஒரு கிட்டங்கி. அங்கேதான் இத்தாலியர்களின் கணக்கு முறையைக் கற்றார்: வரவுக்கு ஒரு பக்கம், பற்றுக்கு ஒரு பக்கம், இரண்டும் நேராக வேண்டும். அப்புறம் டிரோல் நாட்டுக்குப் போனார். அங்கே ஷ்வாட்ஸ் என்ற இடத்தில் வெள்ளிச் சுரங்கம். அதன் மன்னர் சீகிஸ்முண்டுக்குக் கை ஓட்டை. யாக்கோப் கடன் கொடுத்தார். ஆனால் ஈடாக வாங்கியது மன்னரின் வாக்கை அல்ல. கடன் தீரும்வரை ஷ்வாட்ஸ் வெள்ளி குறைந்த விலையில் ஃபுக்கருக்கே வர வேண்டும். 1488-ல் கொடுத்த ஒரு கடன் மட்டும் 150,000 குல்டன். மன்னர் கட்டினாலும் கட்டாவிட்டாலும் மலை கட்டிக்கொண்டே இருக்கும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஃபுக்கர் குடும்பம் இரண்டு கிளை. நம் ஆள் 'லில்லிப் பூ' கிளை, சின்னத்தில் பூ. பெரியப்பா வழியினர் 'மான்' கிளை. அந்தக் கிளையின் லூக்காஸ் இவரைவிட முன்னாலேயே பெரிய வணிகர். அவர் சீகிஸ்முண்டின் வம்சத்தவரான மாக்ஸிமிலியனுக்குக் கடன் கொடுத்தார், லூவன் நகரம் ஜாமீன். கடன் நின்றது, லூவன் கையை விரித்தது, மான் கிளை திவாலானது. ஒரே குடும்பம், ஒரே அரச வம்சம், ஒருவர் ஜாமீனை நம்பினார், மற்றவர் சுரங்கத்தைப் பிடித்துக்கொண்டார். இதைப் படித்தபோது ஒரு பழைய புண் வலித்தது. நான் கிளை மேலாளராக இருந்தபோது ஊர்ப் பெரிய மனிதர் ஒருவருக்கு, இன்னொரு பெரிய மனிதர் ஜாமீன் கையெழுத்தை வைத்துக் கடன் கொடுத்தேன். இரண்டு பேரும் கல்யாணத்தில் என்னை முதல் பந்தியில் உட்கார வைத்தவர்கள். கடன் நின்றது. மெமோ எனக்கு வந்தது.

1494-ல் க்ராக்கோவின் துர்ஸோ குடும்பத்தோடு கூட்டு, அன்றைய ஹங்கேரியில், இன்றைய ஸ்லோவாக்கியாவில் உள்ள செப்புச் சுரங்கங்கள். அந்தத் தாதுவில் வெள்ளி கலந்திருக்கும், ஈயத்தைச் சேர்த்து உருக்கிப் பிரிக்கும் நுட்பம் துர்ஸோவுக்குத் தெரியும். பணம் ஃபுக்கருக்கு உண்டு. அங்கிருந்து ஐரோப்பாவின் செப்புச் சந்தை இவர் கைக்கு வந்தது.

1519-ல் உச்சம். பேரரசர் மாக்ஸிமிலியன் இறந்துபோக, அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க ஏழு பேருக்கு ஓட்டு. போட்டியில் ஸ்பெயினின் கார்ல், பிரான்ஸின் ஃபிரான்சுவா. ஓட்டுக்குப் பணம். நமக்குத் தெரியாத சமாச்சாரமா? மொத்தச் செலவு சுமார் 852,000 குல்டன். அதில் ஏறக்குறைய 544,000 ஃபுக்கருடையது. மீதி அதே ஊர் வணிகக் குடும்பமான வெல்ஸர்களும் இத்தாலிய வங்கியாளர்களும் போட்டது. அழகு எங்கே என்றால், ஓட்டுப் போடுகிறவர்கள் கார்லின் சொல்லை நம்பவில்லை, ஃபுக்கரின் உண்டியல் சீட்டைக் கேட்டார்கள். சீட்டில் 'தேர்தல் முடிந்த பிறகே பணம்' என்று போட்டிருந்தது. வேலை முடிந்தால் பட்டுவாடா. கவருக்குள் முன்பணம் கிடையாது!

கார்ல் பேரரசரானார், கடன் அடைய இழுத்தது. 1523-ல் யாக்கோப் எழுதிய கடிதம் பிரசித்தம். நான் இல்லாமல் தங்களுக்கு ரோமானியக் கிரீடம் கிடைத்திருக்காது என்பது ஊரறிந்த செய்தி, ஆகவே நிலுவையை வட்டியோடு கணக்குப் பார்த்து மேலும் தாமதமின்றிக் கொடுக்க உத்தரவிடவும் என்கிற மாதிரி போகிறது. பாதி உலகத்தை ஆள்பவனுக்கு நினைவூட்டல் நோட்டீஸ். நாங்கள் டிராக்டர் கடனுக்கு அனுப்பிய நோட்டீஸின் தொனி இதைவிடப் பணிவாக இருந்தது.

மாலையில் புனித அன்னாள் ஆலயம். மேற்குக் கோடியில் ஃபுக்கர் குடும்பச் சிற்றாலயம். 1509-ல் நிறுவியது. ஜெர்மனியில் மறுமலர்ச்சிப் பாணியில் எழுந்த முதல் கட்டிடங்களில் ஒன்று. சதுரக் கற்கள் பாவிய பளிங்குத் தரை, பின்சுவரில் சகோதரர்களின் நினைவுச் சிற்பங்கள். அவற்றில் இரண்டுக்கு டியூரரின் வரைபடம். யாக்கோப்பும் இங்கேதான் அடக்கம்.

வேடிக்கை பாருங்கள். 1518 அக்டோபரில் மார்ட்டின் லூதர் விசாரணைக்கு இந்த ஊருக்கு வந்தபோது தங்கியது இதே அன்னாள் மடத்தில். விசாரித்த கர்தினால் கயேத்தான் தங்கியதும் விசாரணை நடந்ததும் ஃபுக்கர் மாளிகையில். லூதரைக் கோபப்படுத்திய பாவமன்னிப்புச் சீட்டு விற்பனைக்குப் பின்னாலும் ஃபுக்கர் கடன்தான். அல்பிரெக்ட் என்ற இளவரசர் மைன்ஸ் பேராயராவதற்கு ரோமுக்குக் கட்ட வேண்டிய தொகையைக் கடன் கொடுத்து, சீட்டு விற்ற வசூலில் பாதியை நேரே பிடித்துக்கொண்டார்கள். கடன் வசூலைச் சம்பளத்திலேயே பிடித்தம் செய்வது போல. பிறகு ஊரில் லூதரின் கட்சி ஓங்கி, அன்னாள் ஆலயம் புரோட்டஸ்டன்ட் ஆலயமாகிவிட்டது. கத்தோலிக்க யாக்கோப் இன்றும் அதற்குள்ளேயே படுத்திருக்கிறார்.

இரவு சாப்பாடு சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லே நூடுல்ஸ், மேலே முறுகலாக வறுத்த வெங்காயம். என் கணவர் ஊறுகாய் டப்பாவை எடுத்தார். தடுக்கவில்லை.

நான்காம் நாள்

கதீட்ரலுக்குப் பக்கத்துச் சந்தில் ஃபுக்கர், வெல்ஸர் குடும்பங்களுக்கான அருங்காட்சியகம். பெரும்பாலும் திரை, பொத்தான், பேசும் படங்கள். குழந்தைகளுக்கு நன்றாக இருக்கும். எனக்கு ஒரு படத்தின் நகல் போதும்: யாக்கோப்பும் அவருடைய கணக்கர் மத்தேயுஸ் ஷ்வார்ட்ஸும் அலுவலகத்தில். பின்னால் ஓர் இழுப்பறை அலமாரி, ஒவ்வொன்றிலும் ஊர்ப்பெயர். ரோம், வெனிஸ், க்ராக்கோ, இன்ஸ்ப்ரூக், லிஸ்பன். கிளைவாரியான கோப்புகள்! இந்த ஷ்வார்ட்ஸ் ஒரு சுவாரசியமான ஆள். தான் உடுத்திய உடைகளையெல்லாம் 1520 முதல் நாற்பது வருடம் ஓவியமாக வரைய வைத்து ஆல்பம் சேர்த்தவர். கணக்கர்களுக்கும் ஆசை உண்டு.

லிஸ்பன் இழுப்பறைதான் நம் பக்கம் திறக்கிறது. 1505-ல் போர்த்துகீசிய வைஸ்ராய் அல்மெய்டாவின் படையோடு இந்தியாவுக்குப் போன கப்பல்களில் மூன்றுக்கு ஆக்ஸ்பர்க் வணிகர்களும் பணம் போட்டார்கள். வெல்ஸருக்குப் பெரும்பங்கு, ஃபுக்கருக்குச் சின்னப் பங்கு. வெல்ஸரின் ஆளாகப் போன பல்தஸார் ஷ்ப்ரிங்கர் திரும்பி வந்து சொன்னதைக் கேட்டு, இந்தியாவைக் கண்ணால் பார்க்காத இந்த ஊர் ஓவியர் புர்க்மேர் 1508-ல் மரச்செதுக்குப் படம் போட்டார். அதில் கொச்சி அரசரும் இருக்கிறார்.

மிளகுக்குப் பதில் இங்கிருந்து போனது முக்கியமாகச் செம்பு. யவனர் பொன்னைக் கொண்டுவந்து மிளகை வாங்கிப் போன கதையைப் பள்ளியில் படித்தோம். இது அதே வியாபாரம், உலோகம் மட்டும் வேறு. ஃபுக்கரின் செம்புக் கட்டிகள் பால்டிக் கடல் வழியே ஆன்ட்வெர்ப், அங்கிருந்து லிஸ்பன், அப்புறம் ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கொச்சி. 2008-ல் நமீபியக் கடற்கரையில் வைரம் தோண்டியவர்களுக்கு ஓர் உடைந்த போர்த்துகீசியக் கப்பல் கிடைத்தது. 1533-ல் இந்தியாவுக்குப் புறப்பட்டுக் காணாமல் போன 'போம் ஜெசுஸ்' என்று கருதுகிறார்கள். உள்ளே தங்கக் காசுகள், யானைத் தந்தம், 1,800-க்கு மேல் செம்புக் கட்டிகள். அரைக்கோள வடிவக் கட்டிகள், அவற்றில் குத்திய முத்திரை ஃபுக்கரின் திரிசூலம். ஆம், அவர்கள் வணிகக் குறி மூன்று முனைச் சூலம்தான், நம் சாமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கொச்சித் துறையில் இறக்கப்படும் கட்டியில் சூலத்தைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று இவரிடம் கேட்டேன். "சிவகாமி பாத்திரக் கடைன்னு நெனச்சிருப்பாங்க" என்றார்.

சிரித்துவிட்டுப் போக முடியாத பக்கமும் உண்டு. 1525-ல் விவசாயிகள் கிளர்ந்தபோது அவர்களை நசுக்கிய படைக்கு யாக்கோப்பின் பணம் போனது. அவருக்குப் பின் வந்த அண்ணன் மகன் அன்டன், 1548-ல் போர்த்துகீசியருக்குப் பித்தளை வளையங்கள் தர ஒப்பந்தம் போட்டார். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அந்த வளையங்களைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். வெல்ஸர்கள் வெனிசுவேலாவில் செய்தது தனிக்கதை. குடியிருப்பின் மஞ்சள் சுவரைப் பார்த்து மனம் இளகியவர்கள் இந்தக் கண்ணாடிப் பெட்டிகளையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

யாக்கோப்புக்குப் பிள்ளை இல்லை. 1527-ல் எடுத்த கணக்கில் கடன் போக மிஞ்சியது சுமார் 20 லட்சம் குல்டன். அதில் பெரும்பகுதி அரசர்களிடம் நின்றது. பிறகு 1557-ல் ஸ்பெயின் மஞ்சள் கடுதாசி கொடுத்தது, இன்னும் சில முறை கொடுத்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் நிறுவனமே மூடப்பட்டது. பேரரசர் கணக்கு, போப் கணக்கு, ஹங்கேரிச் செம்புக் கணக்கு எல்லாம் முடிந்தாயிற்று. வருடம் ஒரு குல்டன் கணக்கு மட்டும் முடியவில்லை.

மாலையில் பிளம் கேக். இந்த ஊர்ப் பேச்சில் 'டாட்ஷி'. மாவின் மேல் புளிப்புப் பழத்துண்டுகளை ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கிச் சுடுவது. செப்டம்பரில்தான் நன்றாக இருக்குமாம். இரண்டு துண்டு சாப்பிட்டேன். கடைசி ரயிலுக்குப் போகலாம் என்று இவரைச் சம்மதிக்க வைத்து, ஒன்பதே முக்காலுக்குக் காளைத் தெரு வாயிலுக்குப் போனோம். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது, உள்ளே விடமாட்டார்கள். எதிர்த்த சுவரோரம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றோம், சந்தேகப்படும்படியாகத்தான்.

பத்து மணிக்குக் கதவு சாத்தியது. பத்து ஐந்துக்கு ஒருத்தரும் வரவில்லை. பத்தேகாலுக்கு ஒரு சைக்கிள். ஐம்பது வயதிருக்கும், மழைக்கோட்டுக்குள் சமையல்காரர் போடும் வெள்ளைச் சட்டை. மணி அடித்தார். கதவு ஒரு ஆள் அகலத்துக்குத் திறந்தது. கோட்டுப் பையில் துழாவிக் காசை எடுத்துக் கொடுத்தார், ஏதோ சொன்னார், உள்ளிருந்து சிரிப்புச் சத்தம். சைக்கிளைச் சாய்த்து உள்ளே நுழைத்தார். கதவு மூடியது.

"அரை வருஷ வாடகைக்கு மேல போச்சு" என்றார் இவர்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே எங்கோ ஒரு மாடி ஜன்னலில் விளக்கு எரிந்தது. டிராமுக்கு இன்னும் நாலு நிமிடம் இருந்தது.